போராட்டக் கூட்டம் ஓட்டாக விழுமா?

முப்பது வருஷம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். கேளுங்கள்.

மேலூர் விவசாயி: அண்ணே, டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா ஊரே திரண்டுச்சே. அது யாருக்கு ஓட்டு?

மொத்தமா யாருக்கும் இல்ல தம்பி. 2025 ஜனவரி 7-ல நரசிங்கம்பட்டியில இருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்த கூட்டத்துல எல்லாக் கட்சிக்காரனும் இருந்தான். 23-ஆம் தேதி சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து பண்ணிடுச்சு. சட்டமன்றத்துல எதிர்ப்புத் தீர்மானம் போட்டது நாங்கன்னு திமுக சொன்னுச்சு; விவசாயிகளை டெல்லிக்குக் கூட்டிப்போனது நாங்கன்னு பாஜக சொன்னுச்சு. ஜெயிச்ச போராட்டத்துக்குப் பங்காளிங்க ஜாஸ்தி. கோபமும் சீக்கிரம் ஆறிடும்.

செல்லூர் மாணவி: அப்போ 1967-ல காங்கிரஸைக் கவிழ்த்தது இந்தி எதிர்ப்பு இல்லையா சார்?

பாதி உண்மைம்மா. 1965 ஜனவரி 25-ல மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரங்களுக்கும் மோதல் வெடிச்சதே நம்ம மதுரையிலதான். விருதுநகர்ல காமராஜரைத் தோற்கடிச்ச சீனிவாசனும் மாணவர் தலைவர்தான். ஆனா கணக்கைப் பாரு: காங்கிரஸ் வாங்கினது சுமார் 41 சதவீதம், திமுகவைவிட ஒரு துளி அதிகம்! சீட்டு மட்டும் திமுகவுக்கு 137, காங்கிரஸுக்கு 51. ஏன்? திமுக 174 தொகுதியில மட்டும் நின்னு, மத்ததை ராஜாஜியோட சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட்டுன்னு கூட்டாளிகளுக்கு விட்டுச்சு. எதிர்ப்பு ஓட்டு சிதறல. அது போக அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூணு படின்னு அண்ணா சொன்னதை, இந்தியைப் பத்திக் கவலையே படாத கிழவிகூட மறக்கல. மொழிப்போர் ஆள் சேர்த்துச்சு, கூட்டணிதான் அறுவடை பண்ணுச்சு.

அலங்காநல்லூர் வாசகர்: ஜல்லிக்கட்டுப் போராட்டம்?

2017-ல அவசரச் சட்டத்தோட வாடிவாசலைத் திறக்க வந்த முதல்வர் பன்னீர்செல்வத்தையே திருப்பி அனுப்பின ஊர் உங்களது. உங்க சோழவந்தான் தொகுதி 2016-ல அதிமுக, 2021-ல திமுக. ஆனா நடுவுல ஜெயலலிதா மறைவு, பத்து வருஷ ஆட்சிச் சலிப்பு. காளைக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனசு வரல.

திருமங்கலம் வாசகர்: போராடுறவங்களே தேர்தல்ல நின்னா?

கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தின உதயகுமார் 2014-ல ஆம் ஆத்மி கட்சி சார்பா கன்னியாகுமரியில நின்னு தோத்தார். அதே ஆம் ஆத்மி டெல்லியில 2013-ல 28 இடம் பிடிச்சுச்சு. உண்ணாவிரதப் பந்தலுக்கு வந்தவனை வாக்காளர் பட்டியலோட வீடு வீடா அனுப்பத் தெரியணும்.

மேலூர் விவசாயி (மறுபடியும்): எங்க ஊர் கோபம் பலிச்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ல சாவடி வாரியா ஓட்டு இருக்கும். சுரங்கம் வர இருந்த அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி சாவடிகளைத் தனியா எடுங்க. போன தேர்தலைவிட எவ்வளவு மாறியிருக்குன்னு பாருங்க. மேலூர் தொகுதி முழுக்கவே அதே அளவு மாறியிருந்தா, அது பொது அலை.