குழியில் இறங்கியதும் உதறும் ஸ்டீயரிங்

கேள்வி: முன்பக்கம் திட அச்சு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு) கொண்ட எனது நான்கு சக்கர இயக்க பிக்கப் வண்டி, வேகமாகச் செல்கையில் குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கடுமையாக உதறுகிறது, வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் உறுப்பு) மாற்றினால் சரியாகுமா?

பதில்: டேம்பர் உதறலை மட்டுப்படுத்துமே தவிர, அதற்குக் காரணமான தளர்ச்சியைப் போக்காது, ஆகவே அதிலிருந்து தொடங்க வேண்டாம். டயர்களின் காற்றழுத்தத்தையும் வீல் பேலன்ஸையும் முதலில் சரிபாருங்கள். பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்கள் தரையிலேயே இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சற்றே திருப்பிக்கொண்டிருக்கையில், அச்சைச் சட்டகத்தோடு இணைக்கும் டிராக் பாரின் இரு முனைகளையும் நீங்கள் உற்றுக் கவனியுங்கள். அம்முனைகளில் போல்ட்டைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷின் ரப்பர் சிறிது நெளிவது இயல்பு. போல்ட் தன் துளைக்குள் நகர்ந்தால் அது பழுது. சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுவோர் பலர் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பின் அசைத்துப் பாருங்கள். சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங்கையும், இடவல பக்கங்களைப் பிடித்து அசைக்கும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் முனைகளையும் சந்தேகிக்கலாம். தேய்ந்ததை மாற்றியதும் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல்) செய்யுங்கள். அதுவரை வேகமாக ஓட்டாதீர்கள்.