நாடோடிகளாக வந்த ஜெர்மானியர்களால் ரோமானிய மாகாணங்களில் எப்படி அரசு நடத்த முடிந்தது?

எழுத்து, சட்டம், வரி நிர்வாகம் எதிலும் பழக்கமில்லாத கூட்டங்கள் ரோமானியரின் மண்ணைப் பிடித்து, தலைமுறை தலைமுறையாக எப்படி ஆண்டன என்பது உங்கள் கேள்வி. நல்ல கேள்வி. இத்தாலியில் ஆஸ்ட்ரோகோத்துகள், ஸ்பெயினிலும் தெற்கு பிரான்சிலும் விசிகோத்துகள், வடக்கே பிராங்குகள் என்று எல்லாரையும் தொட்டால் பதில் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும். அதனால் வட ஆப்பிரிக்காவை ஆண்ட வாண்டல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் அப்பா பத்திர எழுத்தர். வாண்டல்கள் காலத்து நிலப் பத்திரங்கள் இன்றும் இருக்கின்றன என்று படித்த நாளிலிருந்து இந்த அரசு என்னை விடவில்லை.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 406-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ரைன் ஆற்றைக் கடந்து பேரரசுக்குள் புகுந்த கூட்டங்களில் வாண்டல்களும் இருந்தார்கள். 409-ல் ஸ்பெயின். 429-ல் கெய்செரிக் என்ற அரசன் தலைமையில் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா. கிழவர், குழந்தை, அடிமை எல்லாரையும் சேர்த்து எண்ணியபோது 80,000 பேர் என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த நாட்களில்தான், 430 ஆகஸ்டில், அந்த ஊரின் ஆயரான புனித அகஸ்டின் நகருக்குள்ளேயே இறந்தார். 439 அக்டோபர் 19 அன்று ரோமானிய ஆப்பிரிக்காவின் தலைநகரான கார்த்தேஜ் விழுந்தது.

கார்த்தேஜ் விழுந்ததை ரோம் விழுந்ததைவிடப் பெரிய அடியாக நான் பார்க்கிறேன். ரோம் நகரம் சாப்பிட்ட கோதுமையில் பெரும்பங்கு அங்கிருந்து கப்பலில் போனது. எண்ணெயும் அப்படியே. மேற்குப் பேரரசின் படைகளுக்குச் சம்பளம் கொடுத்த வரிப்பணத்தின் ஊற்றும் அதுதான். அந்த ஊற்று கைமாறிய பிறகு மேற்கில் எந்தப் பேரரசராலும் நிமிர முடியவில்லை. 442-ல் மேற்குப் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் கெய்செரிக்கோடு உடன்படிக்கை செய்து, தன் மகளையே கெய்செரிக்கின் மகனுக்கு நிச்சயம் செய்ய வேண்டியதாயிற்று. 455-ல் வாண்டல்கள் ரோமுக்கே வந்து பதினான்கு நாள் கொள்ளையடித்தார்கள். பொதுச்சொத்தை நாசமாக்குவதற்கு ‘வாண்டலிசம்’ என்று பெயர் வந்ததற்கு அந்தக் கெட்ட பெயர்தான் காரணம். ஆனால் அந்தச் சொல் பிறந்தது 1794-ல். பிரெஞ்சுப் புரட்சியின்போது கிரெகுவார் என்ற பாதிரியார் உருவாக்கியது.

சரி, ஆட்சி எப்படி நடந்தது?

அல்ஜீரியா, துனீசியா எல்லைப் பக்கம், வறண்ட மேட்டு நிலத்தில் 1928-ல் கொஞ்சம் மரப்பலகைகள் கிடைத்தன. அவற்றை முதலில் ஆராய்ந்தவர் பெயரால் ஆல்பெர்ட்டினி பலகைகள் என்கிறார்கள். 493 முதல் 496 வரை மையால் எழுதப்பட்டவை. பெரும்பாலும் கிரயப் பத்திரங்கள். இன்ன இடத்தில், இன்னார் நிலத்தை ஒட்டி, இத்தனை ஒலிவ மரம், இத்தனை அத்தி மரம், பக்கத்தில் ஓடும் வாய்க்கால், விலை இவ்வளவு. எழுதத் தெரியாதவர் குறி போட்டிருக்கிறார், அவருக்காக வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் பழைய கைநாட்டுப் பத்திரம் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு பலகையில் ஜனுவாரில்லா என்ற பெண்ணின் கல்யாணச் சீர் கணக்கு இருக்கிறது. இன்னொன்றில் ஆறு வயதுப் பையன் ஒருவனை அடிமையாக விற்றிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அன்று வேறெதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பத்திரங்களின் மொழி லத்தீன். விற்பவர், வாங்குபவர் பெயர்கள் ரோமானியப் பெயர்கள். அவர்கள் விற்றது முழு உடைமையைக்கூட இல்லை. பெரிய பண்ணை முதலாளியின் நிலத்தில் மரம் வைத்து வளர்த்தவனுக்குக் கிடைக்கும் சாகுபடி உரிமை அது. மான்சியா சட்டம் என்று அதற்குப் பெயர். 116, 117 வாக்கில் வெட்டிய கல்வெட்டிலேயே வரும் சட்டம், 370 வருடம் கழித்தும் அப்படியே செல்லுபடியாகிறது. மாறியிருப்பது ஒன்றுதான்: ஆண்டுக் கணக்கு. ‘அரசர் குந்தமுண்டின் ஒன்பதாம் ஆண்டு’ என்று வாண்டல் அரசனின் ஆட்சியாண்டைப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தப் பலகைகளில்தான் இருக்கிறது. வந்தவர்கள் சில பத்தாயிரம் பேர். ஊர் ஊராகப் போய் எல்லாவற்றையும் மாற்ற அவர்களிடம் ஆள் இல்லை, தேவையும் இல்லை. பத்திரம் எழுதியவன் தொடர்ந்து எழுதினான், வாய்க்கால் வெட்டியவன் தொடர்ந்து வெட்டினான். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் மாறினார்கள்.

அதற்காக எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கார்த்தேஜைச் சுற்றியிருந்த வளமான நிலங்களைக் கெய்செரிக் பிடுங்கித் தன் வீரர்களுக்கு வரியில்லாமல் கொடுத்தான். பழைய சொந்தக்காரர்கள் பலர் ஊரைவிட்டே போனார்கள். வாண்டல்கள் ஏரியஸ் வழிக் கிறிஸ்தவர்கள், அதாவது இயேசு பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர் என்று நம்பியவர்கள். உள்ளூர் மக்கள் இருவரும் சமம் என்ற நைசியா வழியினர். கெய்செரிக்கின் மகன் ஹூனரிக் 484-ல் நைசியா ஆயர்களைக் கூட்டமாக நாடு கடத்தினான். அந்தப் பகையை அவர்களால் கடைசிவரை ஆற்ற முடியவில்லை.

அப்புறம் 533-ல் கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் அனுப்பிய தளபதி பெலிசாரியஸ் வந்தார். கூடவே வந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த இடம். செப்டம்பரில் படை கார்த்தேஜுக்குள் நுழைந்த அன்று கடைகள் திறந்தே இருந்தனவாம். அலுவலக எழுத்தர்கள் வழக்கம்போல் சீட்டு எழுதி, எந்த வீரன் எந்த வீட்டில் தங்குவது என்று பிரித்துக் கொடுத்தார்களாம். வீரர்கள் சந்தையில் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கினார்களாம். நேற்றுவரை வாண்டல் அரசனுக்கு எழுதிய அதே கைகள்.

அவரே இன்னொன்றும் சொல்கிறார். ரோமானியர் வைத்திருந்த பழைய வரிப் பதிவேடுகளைக் கெய்செரிக் வந்த புதிதிலேயே அழித்துவிட்டானாம். நிலப் பத்திரங்கள் பிழைத்தன, வரி ஏடுகள் பிழைக்கவில்லை. அதனால் புதிதாக வரி மதிப்பிட டிரைஃபோன், யூஸ்ட்ரேஷியஸ் என்ற இரண்டு பேரை ஜஸ்டினியன் அனுப்பினார். அவர்கள் போட்ட வரியை ஆப்பிரிக்க மக்களால் தாங்க முடியவில்லை.