மத்திக்கு மனசில்லாத காலங்கள்

அன்புள்ள சார்,

கடல் உயிரியல் முதுகலை படிக்கிறேன். கடலடி வண்டல் பதிவுகளை வைத்துக் கடல் சூழலின் கணினி மாதிரிகளைச் சரிபார்ப்பது பற்றி ஆய்வேடு எழுத ஆசை. செயற்கைக்கோள் தரவே போதும், சேற்றில் செதில் எண்ணுவது வீண் என்கிறார்கள். எந்த மென்பொருளில் தொடங்கலாம்? இன்னொன்று, மத்தி அந்தக் காலத்திலேயே தானாக அழிந்து மீண்டிருக்கிறது என்றால், மீன்பிடிக்கு எதற்குக் கட்டுப்பாடு?

சுதா

அன்புள்ள சுதா,

மென்பொருளை உங்கள் ஆய்வகத்தில் கேளுங்கள். செயற்கைக்கோள் கடலின் நிறத்தை அளக்கத் தொடங்கியதே 1978இல்தான். அதற்கு முந்தின காலத்தை அதனிடம் கேட்க முடியாது. அந்தப் பேச்சை விடுங்கள்.

நானே கொஞ்ச நாளாக சாண்டா பார்பரா படுகையைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கலிபோர்னியக் கரையோரம், 500 மீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் சேற்றைக் கிளறப் புழு பூச்சி கிடையாது. குளிர்கால மழை அடித்துவரும் மண் ஒரு படலம், அப்புறம் டயாட்டம் என்ற நுண்பாசிகள் பெருகிச் செத்து விழுந்த வெளிறிய படலம் ஒன்று. வருஷத்துக்கு ஒரு ஜோடி. நடுவில் மத்தியும் நெத்திலியும் உதிர்த்த செதில்கள். சூட்டார், ஐசக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களில் அவற்றை எண்ணினார்கள். 1992இல் பாம்கார்ட்னர் குழு சுமார் 1,700 ஆண்டுக் கணக்கை வெளியிட்டது.

மத்தியை எங்கள் பக்கம் சாளை என்போம். எங்கள் அத்தை சாளை கழுவினால் கிணற்றடிக் கல்லெல்லாம் செதிலாக மின்னும். விரல் பட்டாலே உதிரும். வலை காலியாக வரும் பருவங்களில், "இந்த வருசம் சாளைக்கு மனசில்ல" என்பாள். கலிபோர்னிய மத்திக்கும் அப்படி மனசில்லாத காலங்கள் இருந்திருக்கின்றன, மத்தியை டின்னில் அடைக்கும் ஆலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு ஏற்ற இறக்கம்.

உங்கள் மாதிரியில் மீன்பிடியைப் பூஜ்யமாக்கி ஆயிரம் வருஷம் ஓட்டிப் பாருங்கள். மத்தி ஏறாமல் இறங்காமல் நேர்கோடாகப் போனால் அந்த மாதிரி பொய். அங்கே முறையான கடல் ஆய்வுப் பயணங்கள் தொடங்கியது 1949இல். அந்தத் தரவை மட்டும் ஊட்டி வளர்த்த மாதிரி, ஊசலின் ஒரு சுற்றைத்தான் பார்த்திருக்கும். செதில் கணக்கோடு வருஷத்துக்கு வருஷம் பொருந்த வேண்டாம். ஏற்ற இறக்கத்தின் அளவும் இடைவெளியும் பொருந்தினால் போதும்.

கடைசிக் கேள்விதான் எனக்கு எரிச்சல். படித்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? தாத்தாவுக்குத் தானாகக் காய்ச்சல் வந்தது என்பதற்காக அவரை மழையில் நிறுத்துவீர்களா? 1930களின் நடுவில் ஒரே பருவத்தில் 7 லட்சம் டன் பிடித்தார்கள். மீன் இறங்குமுகமானபோதும் வலை ஓயவில்லை. 1967இல் தடை வந்தபோது தடுப்பதற்கு மீனே அநேகமாக இல்லை. மீன் தானாகவே மெலிகிற காலம் ஒன்று உண்டு என்று வண்டல் காட்டுகிறது. அந்தக் காலத்தில்தானே வலையைச் சுருட்ட வேண்டும்? நீங்கள் அதையே வலைக்காரனுக்கு வக்கீலாக்கிவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல தலைப்பு. ஒரு சிக்கலை மட்டும் யோசியுங்கள். செதில் குறைந்தால் மீன் செத்தது என்றே அர்த்தமில்லை, கூட்டம் தெற்கே மெக்சிகோ பக்கம் ஒதுங்கியிருக்கலாம். ஒரே படுகையை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.