கணக்காளருக்கு யார் சம்பளம் தருவது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் மூன்று ஊர்களில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். பதிவு செய்த டிரஸ்ட். வருமானவரி விலக்குக்கான 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் 80ஜி இரண்டு பதிவுகளும் இருக்கின்றன. ஆண்டுச் செலவு 11 லட்சம். ஊர்க்காரர்களும், ஊரைவிட்டுப் போய் வெளியே வேலை பார்ப்பவர்களும் கொடுப்பதை வைத்துத்தான் இதுவரை ஓட்டியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு பெருநகர் ஒன்றில் இருக்கும் தனியார் அறக்கட்டளையிடம் 9 லட்சம் கேட்டு விண்ணப்பித்தோம். அவர்களுடைய அலுவலர் நேரில் வந்து ஒரு நாள் முழுக்க இருந்தார். பிள்ளைகளிடம் பேசினார், மனதாரப் பாராட்டினார். எட்டு மாதம் கழித்து, ‘எங்கள் தற்போதைய முன்னுரிமைகளுக்குள் வரவில்லை’ என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. அதே ஆண்டில் எங்களைவிடப் பல மடங்கு பெரிய அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் எதை வைத்துத் தேர்வு செய்கிறார்கள்? சிபாரிசு வேண்டுமா? அவர்களுக்குப் பிடித்த மாதிரி எங்கள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

இப்போது ஒரு கம்பெனி, சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் மூன்று மையங்களுக்கும் ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் தர முன்வந்திருக்கிறது. ஆசிரியர் சம்பளத்துக்குத் தர விதி இடம் கொடுக்காது என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

(பெயரும் ஊரும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்க்கப்பட்டுள்ளன.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வேலையில் குறை கண்டு மறுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் அறக்கட்டளையின் நிதிக்குழுவில் வெளியாளாகச் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது இரண்டு எண்களில்தான்: 11 லட்சம், 9 லட்சம்.

பல அறக்கட்டளைகளிடம் எங்கும் எழுதிவைக்காத ஒரு வரம்பு உண்டு. ஓர் அமைப்பின் ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி. அதற்கு மேல் ஒரே இடத்திலிருந்து போகக் கூடாது என்பார்கள். நாளைக்கு நாம் நிறுத்திவிட்டால் அமைப்பே படுத்துவிடுமே என்ற பயம் அது. நீங்கள் கேட்டது ஐந்தில் நான்கு பங்கு. சரி, குறைத்துக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஏனென்றால் அவர்களுக்கு 9 லட்சமே சிறிய தொகை. ஆவணச் சரிபார்ப்பு, நேரடிப் பயணம், குழுக் கூட்டம், ஒப்பந்தம், காலாண்டு அறிக்கை, யூ.சி. (பணத்தைச் செலவிட்டதற்கான சான்றிதழ்) என்று 9 லட்சத்துக்குச் செய்கிற அதே வேலையைத்தான் 90 லட்சத்துக்கும் செய்கிறார்கள். ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கு 40 கோடி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 9 லட்சமாகப் பிரித்தால் 440 அமைப்புகளுக்கு மேல் வரும். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற அலுவலகம் அத்தனை பேரைக் கவனிக்க முடியாது. ஆக, நீங்கள் கேட்டது உங்கள் அளவுக்குப் பெரிது, அவர்கள் அளவுக்குச் சிறிது. அந்தப் பெரிய அமைப்புக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு இதுவே போதுமான காரணம். இதை அந்த ஒருவரி மின்னஞ்சலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது அவர்கள் செய்த தவறு. எட்டு மாதம் காத்திருந்தவருக்குக் காரணம் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

சிபாரிசு பற்றி. முதல் கதவு பெரும்பாலும் அறிமுகத்தால்தான் திறக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. பெரிய அறக்கட்டளைகள் பல, கேட்காமல் வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே பணம் கொடுத்து நம்பிக்கை வந்த அமைப்புகளிடம், ‘உங்கள் பக்கத்தில் வேறு யார் நன்றாகச் செய்கிறார்கள்’ என்று கேட்டுத்தான் அடுத்தவரைத் தேடுகிறார்கள். எனவே நீங்கள் பழக வேண்டியது அறக்கட்டளையின் தலைவரோடு இல்லை. உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ அவர்களிடம் நிதி பெறும் அமைப்பை உங்கள் மையத்துக்கு ஒரு மாலை கூப்பிடுங்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் வரித்துறைக்கு 990-பிஎஃப் என்ற படிவம் கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற முழுப் பட்டியலும் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அப்படி ஒரு பட்டியல் இங்கே எல்லா அறக்கட்டளைகளிடமிருந்தும் வந்தால், 11 லட்சம் செலவு செய்யும் அமைப்புக்கு இவர்கள் எப்போதாவது கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நீங்கள் எழுதியிருக்கலாம். எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

நேரில் வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. ஒரு முறை நிதிக்குழு சார்பில் அலுவலர் ஒருவரோடு நானும் போயிருந்தேன். நிறுவனர் அரை மணி நேரம் பேசினார். அலுவலர் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பெயர்கள் நின்றுபோன இடங்களை மட்டும் பார்த்தார். ஜூலையிலிருந்து வராத ஒரு பெண் குழந்தையின் பெயரைக் காட்டி, ‘இவள் என்ன ஆனாள்’ என்றார். நிறுவனருக்குத் தெரியவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த ஆசிரியை, ‘அவ அம்மா திருப்பூர் போயிட்டாங்க சார், தம்பியப் பாத்துக்க வீட்ல இருக்கா, ஞாயித்துக்கிழமை நான் போய்ச் சொல்லிக்குடுத்துட்டு வர்றேன்’ என்றார். அலுவலர் பேனாவை எடுத்தது அப்போதுதான். அந்த அமைப்புக்குப் பணம் கிடைத்தது.

ஆனால் எதற்குக் கிடைத்தது என்பதில்தான் என் வருத்தம் எல்லாம் இருக்கிறது. நம்பிக்கை வைத்தது அந்த ஆசிரியை மீதும், அப்படி ஒருவரை வைத்து நடத்தத் தெரிந்த அமைப்பின் மீதும். பணம் கொடுத்ததோ ‘கற்றல் மேம்பாட்டுத் திட்டம், 18 மாதம்’ என்ற காகிதத்துக்கு. அமைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திட்டத்துக்கு மட்டும் பணம் கொடுப்பது இந்தத் துறையின் பழக்கமாகவே ஆகிவிட்டது. அமைப்பு நிற்பதற்கு ஆகும் செலவு, ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்புக்குள் போய், 10 சதவீதத்துக்குள் அடக்கு என்ற உத்தரவோடு திரும்பி வருகிறது.

இதைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். ஆண்டுக்கு 18 லட்சம் ஆகும் ஒரு சின்ன அமைப்பு. ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 22,000, ஆண்டுக்கு 2,64,000. கணக்காளருக்கு மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. வாடகை 72,000. ஆடிட்டருக்கு 40,000. மொத்தம் 5,20,000. இதில் ஆடம்பரம் என்று ஒரு ரூபாயைக் காட்ட முடியுமா? ஆனால் இது 29 சதவீதம். அனுமதி 1,80,000. உடனே என்ன நடக்கும்? ஒருங்கிணைப்பாளர் ‘பயிற்றுநர்’ ஆகித் திட்டச் செலவுக்குள் போவார். மீதி 2,56,000. வாடகை ‘மையப் பராமரிப்பு’ ஆகும். மீதி 1,84,000. இன்னும் 4,000 இடிக்கிறது. ஆடிட் கட்டணத்தை 36,000 என்று எழுதிவிட்டு மிச்சத்தை யாராவது கைக்காசாகப் போடுவார்கள். இப்படித் திருத்தி வந்த பட்ஜெட்டைக் குழு ஏற்றுக்கொள்ளும். இரண்டு தரப்புக்கும் உண்மை தெரியும். உண்மையாக வேலை செய்கிறவர்களை முதல் காகிதத்திலேயே பொய் எழுதவைக்கும் முறை இது. அடுத்த ஆண்டு திட்டம் முடிந்ததும் அந்த ‘பயிற்றுநர்’ வேலையும் போய்விடும்.

பணம் கொடுப்பவர்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொழிலதிபர் தொராப்ஜி டாட்டா 1932இல் தன் சொத்தை எழுதிவைத்த டிரஸ்ட், 1936இல் பம்பாயில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியது. 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை வந்தது. இயற்பியலாளர் ஹோமி பாபா எழுதிக் கேட்டதன் பேரில் 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நிறுவனங்கள் நிலைபெற வேண்டும் என்பதற்காகவே கொடுத்த பணம் அது. 2015-16 வாக்கில் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை, வாடகை, கணக்காளர் போன்ற மறைமுகச் செலவுக்குத் தரும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்தியது. அத்தோடு 100 கோடி டாலரை ஒதுக்கி, தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு ஐந்தாண்டுக் காலம் அமைப்பை வலுப்படுத்தவே கொடுத்தது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2020 முதல் கொடுப்பது இன்னும் துணிச்சலானது. விண்ணப்பம் கிடையாது, இந்தச் செலவுக்குத்தான் என்ற நிபந்தனை கிடையாது, சலிக்கச் சலிக்க அறிக்கை கேட்பதும் கிடையாது. 2021 ஜூனில் அவர் வெளியிட்ட பட்டியலில் தில்லியின் கூஞ்ச் தொண்டு அமைப்பும் இருந்தது. அவர் முறையிலும் ஒரு குறை உண்டு: அவர் கண்ணில் நீங்கள் பட வேண்டும். அதற்கு மாற்றாக 2023இல் அமெரிக்காவுக்குள் மட்டும் பொது அழைப்பு விடுத்தார். 6,000க்கு மேற்பட்ட அமைப்புகள் விண்ணப்பித்தன. விண்ணப்பித்தவர்களே ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் படித்து மதிப்பெண் போட்டார்கள், பிறகு வெளிக் குழு பார்த்தது. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் போனது. களத்தில் இருப்பவரின் பட்ஜெட்டைக் களத்தில் இருப்பவரே படிக்கும்போது, கணக்காளர் சம்பளத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நம் ஊர் அறக்கட்டளைகள் இதைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். தமிழில் எழுதிய விண்ணப்பத்தைத் தமிழ் தெரிந்தவர் படித்தால் போதும், அதற்குக் கோடிகள் வேண்டாம்.

சட்டமும் உங்கள் பக்கம் சாயவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு நிதி முன்பெல்லாம் பெரிய அமைப்புகள் வழியாகச் சின்ன அமைப்புகளுக்கு இறங்கும். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தம் வந்தபோது, வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதே தடையாகிவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. கிராமத்து அமைப்புகள் பல அப்போது அடிபட்டன. உள்நாட்டிலும், 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வரிவிலக்குப் பெற்ற ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் 85 ரூபாயைத்தான் வரிக் கணக்கில் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறருக்குக் கொடுப்பதைவிடத் தாங்களே நேரடியாகத் திட்டம் நடத்துவது மேல் என்று சில அறக்கட்டளைகள் நினைக்க இதுவும் ஒரு காரணம்.

உங்கள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு, நிதிக்காக ஒரு வருடம் ‘திறன் மேம்பாடு’, அடுத்த வருடம் ‘பருவநிலை விழிப்புணர்வு’ என்று மாறிக்கொண்டே போய், கடைசியில் பிள்ளைகளே இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டியது கேட்கும் விதத்தை. 9 லட்சத்தை ஒரே இடத்தில் கேட்காதீர்கள். ஒரு மையத்தின் முழுச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஆசிரியர், வாடகை, மின்சாரம், புத்தகம் எல்லாவற்றோடும், கணக்காளர், ஆடிட் செலவில் அந்த மையத்தின் பங்கையும் சேர்த்து. அதை மூன்று ஆண்டுக்குக் கேளுங்கள். பட்ஜெட்டில் எந்தப் பெயரையும் மாற்றி எழுதாதீர்கள். ஊர்க்காரர்கள் தரும் பணத்தை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய பலம் அதுதான், உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இனி அந்த ஸ்மார்ட் போர்டு. ஆசிரியர் சம்பளத்துக்கு விதி இடம் கொடுக்காது என்று சொன்னவர் விதியைச் சரியாகப் படிக்கவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன் கீழ் வரும் கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் திருத்திய விதியில் 5 சதவீத உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பணியை நிர்வகிக்கும் பொதுச் செலவுக்கு உள்ளது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அந்த விதியே சொல்கிறது. படிப்பகத் திட்டத்தில் பாடம் நடத்துகிறவரின் சம்பளம் நேரடிச் செலவு இல்லாமல் வேறென்ன? மேலும், ‘நடப்பில் உள்ள திட்டம்’ என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுவரை அவர்கள் தொடரலாம்.

ஆகவே அவர்களுக்கு எழுதுங்கள். போர்டு ஒரு மையத்துக்கு மட்டும் போதும், மற்ற இரண்டுக்கும் ஆன தொகையில் அந்த மையத்தின் ஆசிரியருக்குச் சம்பளமும், மின்கட்டணமும், பழுதுபார்க்கும் செலவும் மூன்று ஆண்டுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். விதியின் அந்தப் பகுதியை அப்படியே எடுத்து இணையுங்கள். உங்களிடம் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் உங்கள் டிரஸ்ட் மூலமாக அவர்களால் திட்டத்தை நடத்த முடியாது. அவர்கள் ஆண்டுக் கணக்கை மார்ச்சில் முடிப்பார்கள், அதனால் ஜனவரிக்கு முன்பே கடிதம் போய்விட வேண்டும். அப்போதும் சாதனம் மட்டும்தான் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இயக்க ஆளும் மின்கட்டணத்துக்குக் காசும் இல்லாத மூன்று போர்டுகளைக் காட்டி அவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடிதத்தைத் தமிழில் எழுதி, கடைசி மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கையோடு எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன்.