டீலரிடம் வாங்கிய பழைய காரில் பிரேக் கோளாறு, டீலர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்?

பில்லும் டெலிவரி நோட்டும் உங்கள் கையில் இருக்கின்றன, டீலர் "நீங்க ஓட்டுற விதம் அப்படிங்க" என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லா டீலர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். அப்புறம், "கொண்டு வந்து விடுங்க, ஃப்ரீயாவே பார்த்துத் தர்றோம்" என்று டீலர் இறங்கி வந்தால் உடனே சாவியை நீட்டிவிடாதீர்கள். கோளாறு இன்னது என்று அவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்து எழுதித் தரும்வரை அந்தப் பாகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி என் கதை, நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் சேலத்தில் இருக்கிறேன். கார் வாங்கியது கோயம்புத்தூரில், பழைய கார் விற்கும் ஒரு பெரிய ஷோரூமில். விலை ஐந்து லட்சத்துக்குள். வண்டியோடு ஒரு செக்லிஸ்ட் கொடுத்தார்கள். வைப்பரிலிருந்து ஸ்டெப்னி வரை பக்கம் பக்கமாக டிக், பிரேக்குக்கு நேராகவும் 'குட்' என்று டிக். அப்போது அந்தத் தாளை யார் பார்த்தார்கள், ஃபைலில் போட்டு வைத்ததோடு சரி.

ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறேன். பெடல் காலோடு சேர்ந்து மெதுவாகக் கீழே போகிறது. முன்னால் டவுன் பஸ். என் வண்டி அதை நோக்கி நகர்கிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பெடல் கெட்டியாக நிற்கிறது, எதுவுமே நடக்காதது மாதிரி. கோளாறிலேயே மோசமான வகை இதுதான், இன்னொருவருக்குக் காட்டும்போது நன்றாக இருக்கும்.

ஷோரூமுக்குப் போன் செய்தேன். எடுத்த பையனின் முதல் கேள்வி: "வண்டி ஓட்டுறது நீங்களாங்க மேடம், சாருங்களா?" எனக்கு லைசென்ஸ் கிடைத்தபோது அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். என் வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டர் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அதைச் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கிளட்ச் மேலயே கால் வெச்சிருப்பீங்க மேடம், அதான்" என்றான். கிளட்சுக்கும் பிரேக் பெடல் கீழே இறங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சேலத்தில் அவர்களுக்குத் தொடர்புள்ள ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டச் சொன்னார்கள். அங்கே ஒருவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியை மாட்டினார், "எரர் எதுவும் காட்டலைங்க" என்றார். பார்த்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'பிரேக் செக், ஓகே' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நான் நகரவில்லை. "பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் கீழே இறங்குகிறது" என்று என் வார்த்தையிலேயே எழுத வைத்து, தேதியும் கிலோமீட்டரும் போட வைத்துத்தான் கிளம்பினேன். அடம் என்றால் அடம்தான்.

பிறகு லாரி வேலை பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலைப் பலமுறை மிதித்து, நம் மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டரில் இருந்த வேக்குவத்தைத் தீர்த்தார். பிறகு அழுத்திப் பிடித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பெடல் லேசாக ஒருமுறை இறங்கி நின்றுவிட்டால் பூஸ்டர் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் வண்டியில் அது நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. "மாஸ்டர் சிலிண்டர் பைபாஸ் ஆகுதும்மா" என்றார். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவது இந்தச் சிலிண்டர்தான். அதற்குள் இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய ஆயில் சீலைத் தாண்டிப் பின்பக்கம் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, டப்பாவில் ஆயில் மட்டமும் குறையாது, ஸ்கேனருக்கும் தெரியாது. இந்த நிலையில் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டிலிருந்து இறங்கியிருந்தால் என்ற நினைப்பு அன்று ராத்திரி தூங்க விடவில்லை.

அதே பெடல் சோதனையைத் தொடர்ச்சியாக வீடியோ எடுத்தேன், மீட்டரில் கிலோமீட்டர் தெரியும்படி. அவரிடம் கையெழுத்தோடு எழுதியும் வாங்கினேன். வாட்ஸப்பில் அனுப்பியதும் ஷோரூமின் குரல் மாறியது. இலவசமாக மாற்றித் தருகிறோம், வண்டியை அனுப்புங்கள் என்றார்கள். பழைய சிலிண்டரை என் கையில் தருவீர்களா என்று கேட்டேன். "அது ஸ்க்ராப்புக்குப் போயிடும் மேடம், கம்பெனி ரூல்." அந்தப் பாகம் போனால் என் கையில் என்ன இருக்கிறது? நான் அனுப்பவில்லை. வேறு இடத்தில் என் காசில் மாற்றி, பழைய சிலிண்டரைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். இலவசமாகத் தந்ததை வேண்டாம் என்றவள் என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள்.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. எனக்கு அதில் நடக்கவில்லை. செலவுக் கணக்கு போட்டு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இப்போது இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

அவர்கள் தரப்பில் முதலில் "நாங்கள் இடைத்தரகர்தான், பழைய ஓனரைக் கேட்கட்டும்" என்றார்கள். பில் அவர்கள் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தது. உங்களிடமும் இதைச் சொன்னால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் வந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைக் காட்டுங்கள். பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், முறைப்படி வண்டி அவர் கைக்கு வந்தபின் அவரையே ஓனராகக் கருத வேண்டும் என்று அதில் இருக்கிறது. அடுத்து, பிரேக் என்பது தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். பிரேக் பேட் தேயும், சரி. ஆனால் 'குட்' என்று டிக் போட்டது யார்? அந்தச் செக்லிஸ்ட் தாளும் பீரோவில் இருந்த சிலிண்டரும்தான் பேசின.

இன்னொன்றும் எழுதியிருந்தார்கள், சேலத்தில் வேகத்தடைகள் அதிகம், அடிக்கடி பிரேக் பிடித்ததால் பாகம் கெட்டது என்று. வழக்குக்கு உதவாத வாதம்.

தீர்ப்பு எனக்குச் சாதகம்தான். ரிப்பேர் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. கார் விலையைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. மாற்றக்கூடிய பாகம் என்பதால் அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாமே என்பவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். மேல்முறையீடு போகிறோம் என்று மிரட்டினார்கள். போக வேண்டுமென்றால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்திருப்பார்கள் போல, மொத்தமாகவே கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் வண்டி ஏற்கெனவே டீலரிடம் போய்விட்டதா? அப்படியானால் மாற்றிய பழைய பாகமும், என்ன மாற்றினோம் என்று எழுதிய பில்லும் கைக்கு வராமல், ரிப்பேர் முடிந்து வண்டியைத் தரும்போது நீட்டும் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஷோரூம் பெயர் கேட்டுத் தனியாக மெசேஜ் அனுப்புகிறவர்கள் மன்னிக்கவும். பெயரைச் சொன்னதற்காக அவர்கள் என்மேல் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பில் நின்று அதையும் நடத்த எனக்குத் தெம்பில்லை.