உடையும் அழகு குறித்த அளவுகோல்களும் தன்னம்பிக்கையை எவ்வாறு பாதிக்கின்றன?

உடையும் சமூகம் வகுத்துள்ள அழகு இலக்கணமும் தன்னம்பிக்கையையும் தனிப்பாணியையும் எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்மையான பாதிப்பு, கவனம் சிதறுவதுதான். உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தனியறையில் நீச்சலுடை அணிந்து கணக்குத் தேர்வு எழுதிய பெண்கள், ஸ்வெட்டர் அணிந்து எழுதிய பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. பார்ப்பவர் எவரும் அருகில் இல்லாதபோதும், பிறர் கண்கொண்டு தன் உடலை அளந்துகொண்டிருக்கும் மனம் கையிலுள்ள வேலையில் முழுமையாக ஈடுபடுவதில்லை. இதைத் தன் திறமைக்குறைவு என்று எண்ணிப் பலர் தம்மையே நொந்துகொள்வது மிகுந்த வருத்தம் தருகிறது.

எல்லோரும் நம்மையே உற்றுப் பார்க்கிறார்கள் என்ற அச்சமும் பெரும்பாலும் மிகையானதே. உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட சோதனையில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டுடன் அறைக்குள் நுழைந்த மாணவர்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர் அளவில்தான் இருந்தார்கள்.

ஆகவே தனக்கென ஒரு பாணியைத் தேடுபவர், எந்த உடை தன்னை மெலிவாகக் காட்டும் என்பதைவிட, எதை அணிந்தால் அதை மறந்து இயல்பாக நடமாட முடிகிறது என்று பார்ப்பதே நல்லது. அடிக்கடி இழுத்துச் சரிசெய்ய வேண்டிய உடை, எவ்வளவு பாராட்டைப் பெற்றுத் தந்தாலும், கவனத்தை மீண்டும் மீண்டும் உடலின் பக்கமே திருப்பிவிடும்.