போக்கர் ஆடிச் சலித்துவிட்டது, பழைய ஆசை திரும்புமா?

திரும்பும். எனக்குத் திரும்பியது. முதலில் இரண்டு வாரம் சீட்டைத் தொடாதீர்கள். சோர்வோடு ஆடினால் வெறுப்புதான் கூடும்.

வெற்றி தோல்வியை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் ஆளைச் சலிக்க வைக்கிறது. முதல் இரண்டு சீட்டும் ஏஸாக வருவது (இதைவிட நல்ல தொடக்கம் இல்லை) சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. அந்த இரண்டு ஏஸோடு எதிராளியின் இரண்டு ராஜாவை எதிர்த்து நின்றாலும், ஏறக்குறைய ஐந்து முறைக்கு ஒரு முறை தோற்போம். அது நம் தப்பே இல்லை. "ஜெயித்தேனா?" என்பதை விட்டு, "சரியாக முடிவெடுத்தேனா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பணத்தை விலக்குங்கள். (இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை 2025 சட்டமே தடுத்துவிட்டது.) எங்கள் பாம்பனில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். சாயங்காலம் ஓலைக் கொட்டகையில் கூடுவோம். காசுக்குப் பதில் சோழி. காற்றில் சீட்டு பறக்காமலிருக்க மேலே வலையின் ஈயக்குண்டு ஒன்றை வைப்போம். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். "ஏன் மாப்ள, இதை வச்சுக்கிட்டா சீட்டைக் கீழ போட்டு விலகிட்ட?" என்று பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் பேச்சுக்காகவே மறுநாளும் போவேன். விளக்கு வைக்கும் நேரமானால் எழுந்துவிடுவோம், பாதி ஆட்டமானாலும் சரி.